லைக் வருகிறது, ஆறுதல் வருகிறதா? – கைப்பேசிக் காலத்தில் துக்கத்தைக் கையாள்வது எப்படி?

2018 நவம்பர் 16, அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், சில மணி நேரத்தில் டெல்டாவின் தென்பகுதியைப் புரட்டிப்போட்டுவிட்டு மேற்கே போய்விட்டது. விடிந்ததும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னை விவசாயிகள் தோப்புக்கு ஓடினார்கள். பாதி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, மீதி நடுவில் முறிந்து நின்றது.

இந்தப் பக்கம் தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, அது காய்க்கத் தொடங்கியதும் பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு எல்லாம் அதை நம்பித்தான். விழுந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுத விவசாயிகளை அந்த வாரம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அரசு நிவாரணம் அறிவித்தது. மரத்துக்கு 600 ரூபாய், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாய். ஆக மொத்தம் 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்தால் 1,92,500 ரூபாய். நஷ்டத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. துக்கத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. புயல் அடித்த சில நாட்களிலேயே ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு தென்னை விவசாயி தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. விழுந்த தோப்புகளின் படங்கள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் உலகம் முழுக்கச் சுற்றின. அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அரிசி, பாய், மெழுகுவத்தி ஏற்றிய வண்டிகள் வந்தன. ஆனால், லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோனதால், அந்தப் படத்தில் இருந்தவர்களின் வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவர்களுடைய வலியை ஊரே பார்த்தது, அவர்களோ இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்ட் வந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நம் துக்கங்கள் பலவற்றுக்கு இன்று இதே நிலைதான். பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. இது ஏன் நடக்கிறது, இதனால் மனசுக்கு என்ன ஆகிறது, என்ன செய்யலாம்?

எழவு வீடு என்ன செய்தது?

ஒரு சாவு விழுந்தால் டெல்டா கிராமங்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் பந்தல், பெஞ்சு, நாற்காலி. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சாப்பாடு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். மறுநாள் பால் தெளி, பதினாறாம் நாள் கருமாதி. நடுவில் யாராவது வந்து துக்கம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சடங்கு என்று மட்டும் பார்த்தால் இதெல்லாம் பழைய பழக்கமாகத் தெரியும். மனநலக் கண்ணோடு பார்த்தால் இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, வலியைச் சொல்ல ஒரு வடிவம் கிடைக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாதவருக்கும் ஒப்பாரி ராகம் கைகொடுக்கும். இரண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். “ரெண்டு வாயாவது சாப்பிடு ஆத்தா” என்று யாராவது தட்டோடு வந்து நிற்பார்கள். மூன்று, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. “எப்படி ஆச்சு?” என்று வருகிறவர்களெல்லாம் கேட்க, சொல்லச் சொல்ல அந்த நிகழ்ச்சிக்கு முன், பின் என்ற ஒழுங்கு வருகிறது. நான்கு, இதற்கு ஒரு கெடு இருக்கிறது. பதினாறாம் நாள் முடிந்தால் வயலுக்குப் போகலாம், கடையைத் திறக்கலாம். துக்கம் தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வேலைக்குத் திரும்ப ஊர் அனுமதி கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கணவனை இழந்த பெண்ணை ஊர் நடுவில் உட்காரவைத்துத் தாலி அறுத்ததும் இதே எழவு வீடுதான். “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்று அடக்கியதும் இங்கேதான். இந்த ஏற்பாடு சாவுக்கு மட்டும்தான் என்பது இன்னொரு குறை. காதல் தோல்வி, கடன், பரீட்சையில் ஃபெயில், கரு கலைந்தது, தோப்பு விழுந்தது ஆகியவற்றுக்குப் பந்தல் போடுவார் யாரும் இல்லை. அந்த வலிகள் எல்லாம் முன்பு வீட்டு மூலையில் கிடந்தன. இன்று அவைதான் முதலில் ஸ்டேட்டஸாக வெளியே வருகின்றன.

கைப்பேசி என்ன செய்கிறது?

ராத்திரி 11 மணி. ஒரு பையன் கறுப்புப் படத்தோடு, “யாரையும் நம்பாதே” என்று ஸ்டேட்டஸ் வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 83 பேர் பார்க்கிறார்கள். நான்கு பேர் அழுகிற எமோஜி போடுகிறார்கள். ஒருவர் “என்னாச்சு மச்சி?” என்று கேட்கிறார். “ஒண்ணுமில்ல” என்று பதில் போகிறது. பேச்சு முடிந்தது. 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸும் மறைந்துவிடும்.

அந்தப் பையன் தவறு செய்யவில்லை. பந்தல் போடத் தெரியாத வலிக்கு அவன் தனக்குத் தெரிந்த வழியில் பந்தல் போட்டிருக்கிறான். ஆனால், எழவு வீட்டு வேலைகள் நான்கில் இங்கே ஒன்றுகூட முழுதாக நடக்கவில்லை. சாப்பாட்டோடு யாரும் வரவில்லை. கதையை யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் அவன் கையில் இருக்கிறது. அதுவே புது வலியாகவும் மாறும்: “பார்த்துட்டு ஒரு வார்த்தை கேக்கலையே!”

பார்த்த 83 பேரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ‘வேறு யாராவது கேட்பார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் பொறுப்பு கரைந்துபோகும் என்பது உளவியலில் பழைய பாடம். துக்கம் கேட்கப் பத்துப் பேர் வர வேண்டிய வீட்டுக்கு அந்தப் பத்துப் பேரும் போகாவிட்டால் ஊரில் பேச்சு வரும். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அப்படி யாரும் கேட்கப்போவதில்லை.

கெடு விஷயமும் இருக்கிறது. பேஸ்புக் 2015ஆம் ஆண்டிலேயே, ‘இதே நாளில்’ என்று பழைய பதிவுகளை எடுத்துக்காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. மனசு கொஞ்சம் ஆறியிருக்கும் ஒரு காலை நேரத்தில், இறந்துபோன அப்பாவின் சிரித்த முகம் திடீரென்று திரையில் வந்து நிற்கும். திதி என்றால் நாம் தேதி பார்த்து, தயாராகி நினைப்போம். இங்கே எப்போது நினைக்க வேண்டும் என்பதை ஒரு கம்பெனியின் கணினி முடிவு செய்கிறது.

இந்தத் தளங்கள் நம் கவனத்தை விற்றுச் சம்பாதிப்பவை என்பதும் தெரிந்த விஷயம். சோகமான வீடியோவை இரண்டு முறை முழுதாகப் பார்த்தால், அடுத்து அதே மாதிரி பத்து வரும். காதல் தோல்வியில் இருப்பவருக்குக் காதல் தோல்விப் பாட்டாகவே ரீல்ஸ் ஓடும். நம் நிலைமையைப் புரிந்துகொண்டது போலத் தோன்றும். ஆனால், எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடி என்று அது ஒருநாளும் சொல்லாது.

மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். மனசு அசைபோட்டால் பல நேரம் செரிப்பதில்லை. ‘ஏன் எனக்கு மட்டும்?’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வரும் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கும் என்று உளவியல் ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. ரீல்ஸ் ஓட்டம் அந்தச் சுற்றுக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

வலியில் இருப்பவரே குற்றவாளி ஆனால்?

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் புறம் பேசுவது எப்போதும் உண்டு. திண்ணையில் நாலு பேர் பேசுவார்கள், பிறகு காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அதே பேச்சு லட்சம் பேரிடமிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 2024இல் பார்த்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் சென்னையை அடுத்த ஆவடி அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தாயின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை கீழ்த்தளத்துக் கூரை விளிம்பில் விழுந்து தொங்கியது. அக்கம்பக்கத்தினர் ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. காப்பாற்றியவர்களுக்குப் பாராட்டு, தாய்க்கு வசை. ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?’ என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்து, கோவை மாவட்டம் காரமடையில் உள்ள பெற்றோர் வீட்டில் அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஏற்கெனவே மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்ததாகச் செய்திகள் வந்தன.

ஒரு தற்கொலைக்கு ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்டுவது சரியாகாது. எப்போதும் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தே ஒருவரை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. ஆனாலும் ஒன்றை யோசிக்கலாம். குழந்தை பிழைத்த அந்த நிமிடத்தில், நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து “பயப்படாதம்மா, புள்ள நல்லா இருக்கு” என்று சொல்லவேண்டிய ஊர், கேமராவுக்குப் பின்னால் நின்று தீர்ப்பு எழுதியது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் தமிழகத்தில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடம். இதில் சமூக ஊடகத்தின் பங்கு என்ன என்று அந்தக் கணக்கு சொல்லாது. ஆனால், வலியில் இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது இங்கே விளையாட்டு விஷயம் இல்லை என்பதை அது சொல்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதிய உடனே மனசு கனத்தது. ஆனால், அடுத்த மாதங்களில், சம்பவத்தையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த எழுத்துக்கு லைக் கிடையாது, கமெண்ட் கிடையாது. யார் என்ன நினைப்பார்கள் என்ற பயம் இல்லாமல் எழுதினார்கள். போஸ்ட் போடும்போது நாம் அப்படி எழுதுவதில்லை. பார்க்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

இரண்டாவது, 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்தது. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்திகளையும் காட்சிகளையும் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சல் இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நான்கு நாட்கள் திரையை விட்டு நகராமல் இருந்தோம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் நெரிசலில் 41 பேர் இறந்தபோது, அந்தக் காட்சிகள் இரவெல்லாம் கைப்பேசிகளில் சுற்றின. நாம் அங்கே இல்லை, ஆனாலும் உடம்பு அங்கே இருந்தது போலவே பதறியது. வேறு யாருடைய துக்கத்தையோ சுமந்து, நம் வீட்டுப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தோம்.

மூன்றாவது, நம் கடற்கரையிலேயே நடந்தது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பேரழிவுக்குப் பின், சென்னையில் பாதிக்கப்பட்ட மக்களிடையே, 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ அமைப்பின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சக ஆய்வாளரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், உறவை இழந்தவர்களின் வீடு தேடிப்போய், உட்கார்ந்து, கேட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, அப்படிக் கேட்க ஆள் கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அந்தத் தன்னார்வலர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. திரும்பத் திரும்ப வந்தார்கள், காதுகொடுத்துக் கேட்டார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வலியை வெளியே கொட்டினால் மட்டும் போதாது. எங்கே, யாரிடம், எவ்வளவு நேரம் என்பதில்தான் ஆறுதல் இருக்கிறது.

அப்படியென்றால் கைப்பேசியைத் தூக்கிப்போட வேண்டுமா?

தேவையில்லை. ஒரத்தநாடு பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் தெரியும். அம்மா இறந்து டிக்கெட் கிடைக்காத மகன், லேபர் கேம்ப் படுக்கையில் உட்கார்ந்து வீடியோ காலில்தான் கடைசியாக முகம் பார்க்கிறான். 2020, 2021 கொரோனா நாட்களில் பக்கத்துத் தெருவில் இருந்தவர்களுக்கும் அதே நிலைதான். அந்தத் திரை இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

வெளியே சொல்ல முடியாத வலிகளுக்கும் அது ஒரு கதவு. கரு கலைந்த பெண், ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை, அதே அனுபவம் உள்ள முகம் தெரியாத இன்னொரு பெண்ணிடம் சொல்லி ஆறுகிறாள். கஜா சமயத்தில் தார்ப்பாய் வந்து சேர்ந்ததும் இந்த வழியாகத்தான்.

கைப்பேசி ஒருவரை இன்னொருவரிடம் சேர்த்துவைத்த இடங்களில் அது உதவியிருக்கிறது. ஒருவரைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்திய இடங்களில் காயப்படுத்தியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

வலியில் இருப்பவர் நீங்கள் என்றால்:

* ஸ்டேட்டஸ் வைக்கும் முன், ஒரே ஒருவருக்கு போன் செய்யுங்கள். “மனசு சரியில்ல, பத்து நிமிஷம் பேசணும், புத்தி சொல்ல வேணாம், கேட்டா போதும்” என்று நேராகவே சொல்லலாம். எல்லோரிடமும் ஜாடையாகச் சொல்வதைவிட ஒருவரிடம் நேராகச் சொல்வது பலன் தரும்.
* எழுதத் தோன்றினால் நோட்டில் எழுதுங்கள். 15 நிமிடம் போதும். என்ன நடந்தது, அப்போது என்ன தோன்றியது, இரண்டையும் எழுதுங்கள். மிகவும் கனக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். மறுநாளும் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அப்போது போஸ்ட் செய்யலாம். ராத்திரி 11 மணிக்கு எடுக்கும் முடிவும் காலை 7 மணிக்கு எடுக்கும் முடிவும் ஒன்றல்ல.
* பழைய படங்களை அழிக்க வேண்டாம். வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, ‘நினைவுகள்’ அறிவிப்பை நிறுத்திவையுங்கள். எப்போது பார்ப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.
* சாப்பாடு, தூக்கம், குளியல். மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டுப்போனால், அதை வெறும் சோகம் என்று தள்ளிவிடாதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரத்தநாட்டுக்காரர்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி பஸ்ஸில் போய்விடும் தூரம்தான்.

மற்றவரின் வலியைத் திரையில் பார்ப்பவர் நீங்கள் என்றால்:

* தெரிந்தவர் என்றால், எமோஜி போட்டுவிட்டுப் போகாதீர்கள். கூப்பிடுங்கள். “என்னாச்சு?” என்பதற்கு “ஒண்ணுமில்ல” என்றுதான் முதல் பதில் வரும். “சாப்பிட்டியா? சாயங்காலம் வரட்டுமா?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது சுலபம்.
* பதினாறாம் நாளோடு நிறுத்தாதீர்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். இரண்டு மாதம் கழித்து ஒரு போன், அதற்குத் தனி மதிப்பு உண்டு.
* “செத்துடலாம் போலருக்கு” என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “நெஜமாவே அப்படித் தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஒரு வழி திறக்கும். அவரைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள்.
* தெரியாதவர் என்றால், அவரது அழுகையை ஃபார்வர்டு செய்யாதீர்கள். தீர்ப்பும் எழுதாதீர்கள். விபத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அவருக்கு எந்த உதவியும் இல்லை, உங்கள் தூக்கம் போவதுதான் மிச்சம்.

சத்திரம் சொல்லும் கதை

ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. பேச்சு வழக்கில் முத்தம்மாள் சத்திரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டிடம். தான் நேசித்த முக்தாம்பாள் இறந்த பிறகு, அவர் ஆசைப்பட்டபடி அவர் பெயரிலேயே மன்னர் இதைக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட இடம் அது.

நாம் ராஜாக்கள் இல்லை, சத்திரம் கட்ட முடியாது. ஆனால், இதே ஊரில் கஜாவுக்குப் பிறகு எத்தனையோ பேர் விழுந்த மரத்தை அகற்றிய இடத்தில் திரும்பவும் தென்னம்பிள்ளை நட்டார்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்று தெரிந்துதான் நட்டார்கள். அந்த வருஷங்களைத் தாண்ட அவர்களுக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த ஒரு அண்ணன், பாத்திரத்தில் குழம்பு எடுத்து வந்த ஒரு சித்தி.

அடுத்த முறை யாருடைய ஸ்டேட்டஸிலாவது ஒரு கறுப்புப் படம் தென்பட்டால், பார்த்த 83 பேரில் ஒருவராக நிற்காமல் அவருக்கு ஒரு போன் போடலாம்.

*(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, சினேகா 044-24640050.)*